தீ யார் கையில்?

சமயப் பிரசங்கிகளும் பாடநூலாசிரியர்களும் தீயைப்பற்றி நெடுங்காலமாக ஒரே கருத்தையே கூறி வருகின்றனர். தீ தூய்மையின் சின்னம். தன்னைச் சேர்ந்த மாசையெல்லாம் எரித்துத் தான் மாசுபடாது நிற்பது. எப்பொழுதும் மேல்நோக்கியே எழுவது. ஆதலால் அது தெய்வத்தன்மை வாய்ந்தது என்பர். இவ்விளக்கத்தில் அழகு உண்டு. ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், தீயை மூட்டியவர் யார், எரிந்தவர் யார், எரிந்தவர் தம் விருப்பத்தோடு எரிந்தாரா என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. புராணத்திலும் காப்பியத்திலும் வரும் தீயும் ஒரு குறிப்பிட்ட சமுதாயத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், யாரோ ஒருவரின் தேவைக்காக மூட்டப்பட்ட தீயே. மூட்டிய கையை மறைத்துவிட்டுச் சுடரை மட்டும் வியப்பது பக்தனுக்குப் போதும். விமர்சகனுக்கும் ஆசிரியனுக்கும் அது போதாது. தமிழிலக்கியமும் எமது நாட்டு வழிபாடும் தீயை எவ்வாறு கையாண்டுள்ளன என்பதை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தமிழ்மொழி இவ்விடயத்தில் எம்மை முதலிலேயே எச்சரித்துவிடுகின்றது. எரியும் நெருப்புக்கும் தீமைக்கும் அது ‘தீ’ என்ற ஒரே அடிச்சொல்லை வைத்திருக்கின்றது. வள்ளுவரும் அவ்வொற்றுமையைத் தம் குறளொன்றில் பயன்கொண்டார். தூய்மை என்ற ஒரே பொருளைத் தீயின்மேல் ஏற்றியது மக்களின் மொழியன்று என்பது இதனாற் புலனாகும்.

மனிதன் தீயை வணங்குவதற்கு முன்னர் அதனை ஆக்கக் கற்றான். கட்டையோடு கட்டையைக் கடைந்து தீ எடுத்த கை உழைப்பாளியின் கை. சங்க காலத்து வீட்டில் ஞெலிகோல் கூரையின் இறப்பிலே செருகிக் கிடந்தது. ஔவையார் அதியமானின் அடங்கியிருக்கும் ஆற்றலுக்கு உவமை தேடியபோது அந்தத் தீக்கடைகோலையே எடுத்தார். வேள்விக் குண்டத்தை விட்டு அன்றாடக் கருவியொன்றிலிருந்து ஒரு வேந்தனின் வீரத்தைக் கண்ட பார்வை அது.

ஆனால், வர்க்கங்கள் தோன்றிய சமுதாயத்தில் தீயும் பொதுவுடைமையாக இருக்கவில்லை. இருக்கு வேதத்தின் முதற்பாடலே அக்கினியை நோக்கியது. தேவர்களுக்கு அவியைக் கொண்டு செல்லும் தூதன் அக்கினி. அத்தூதனை அழைக்கத் தெரிந்தவர் புரோகிதர் மட்டுமே. இவ்வாறு, தீக்கும் மக்களுக்குமிடையே ஒரு தரகர் கூட்டம் அமர்ந்துகொண்டது. கிரேக்கரின் கதை வேறுவிதமானது. அங்கே தேவர்கள் மறைத்து வைத்த தீயை மனிதருக்காகத் திருடியவன் புரொமீதியஸ். அதற்காகப் பாறையிற் பிணிக்கப்பட்டவன். 1841இல் எழுதிய தமது ஆய்வேட்டின் முன்னுரையில் கார்ல் மார்க்ஸ் அவனைத் தத்துவத்தின் புனிதர் வரிசையில் முதல்வனாக வைத்தார். தீ எவருடைய சொத்து என்ற வழக்கு மனித சிந்தனையில் எவ்வளவு பழையது என்பதற்கு இவ்விரு கதைகளும் சான்றாகும்.

இவ்வழக்கில் புத்தர் எடுத்த நிலை தனித்தன்மை வாய்ந்தது. கயையில் அவர் நிகழ்த்திய தீயுபதேசத்தைக் கேட்டவர்கள், அதுவரை தீயை வழிபட்டு வந்த சடைமுனிவர் ஆயிரவர். அவர்களிடம் அவர், கண்ணும் காதும் மனமுமெல்லாம் ஆசையாலும் வெறுப்பாலும் மயக்கத்தாலும் எரிந்துகொண்டிருக்கின்றன என்றார். தீயை வளர்ப்பது சமயமாக இருந்த காலத்தில் தீயை அணைப்பதைச் சமயமாக்கியவர் அவர். ‘நிர்வாணம்’ என்ற சொல்லே அணைதலைக் குறிப்பது. இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இங்கே மீண்டு வருவோம்.

2

சங்கப் பாடல்களில் ஞெலிகோலைவிடப் பேரளவில் எரியும் தீ வேந்தரின் தீயாகும். பகைவர் நாட்டை எரியூட்டுவதைத் தொல்காப்பியம் வஞ்சித் திணையில் ‘எரிபரந்தெடுத்தல்’ என ஒரு துறையாகவே வகுத்துள்ளது. விளைந்த கழனிகளும் ஊர்களும் எரிவதைப் புலவர்கள் வேந்தனின் புகழாகப் பாடினர். எரிந்த நெல் யாருடைய வியர்வையில் விளைந்தது என்ற கேள்வி அத்துறையின் இலக்கணத்தில் இல்லை. புலவரின் பரிசிலும் அத்தீயின் வெளிச்சத்திலேயே வழங்கப்பட்டது.

அக்காலத்து அறமும் இல்லாமற் போகவில்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், போர் தொடங்குமுன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயாளரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்க என அறிவிக்கும் நெறியை அவனுடையதாகப் போற்றுகின்றார். வேந்தனின் அம்புக்கு இலக்காகாதவர் பட்டியல் அது. இப்பட்டியலையும் எரிபரந்தெடுத்தலையும் ஒருங்கே மனத்திற் கொண்டு சிலப்பதிகாரத்தைத் திறந்தால், கண்ணகியின் தீ இதுவரை காணாத ஒளியிலே தோன்றும்.

3

சிலப்பதிகாரத்தைப்பற்றி எமது நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் இரு பெரும் கட்சிகள் நின்று வாதிட்டன. ம.பொ. சிவஞானம் போன்றோர் அதனைத் தமிழ்த் தேசியத்தின் காப்பியம் எனக் கொண்டாடினர். பெரியார் ஈ.வெ.ரா. பெண்ணடிமையையும் மூடநம்பிக்கையையும் பரப்பும் நூலென அதனைச் சாடினார். இரு கட்சியாரும் தத்தமக்கு வேண்டிய பகுதியைப் பற்றிக்கொண்டனர். காப்பியத்தினுள்ளே இயங்கும் முரண்பாட்டை நேர்நின்று நோக்குவதே முற்போக்கு விமர்சனத்தின் கடனாகும்.

கோவலன் கொலையை இளங்கோ விவரிக்கும் முறையை முதலிற் கவனிக்க வேண்டும். ஊடிய தேவியைத் தேடி விரையும் அரசன், வழியிலே பொற்கொல்லன் கூறியதை ஆராயாது ஆணையிடுகின்றான். காவலர் கோவலனைக் கண்டதும், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே எனத் தயங்குகின்றனர். உடனே பொற்கொல்லன், மந்திரம், தெய்வம், மருந்து எனத் தொடங்கிக் கள்வரின் எட்டு வழிகளை அடுக்கி ஒரு சாத்திரப் பிரசங்கமே செய்கின்றான். அதன் முடிவிலே, சிந்திக்கும் பழக்கமில்லாத குடிமயக்கத்தினன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். ஆணை, பொய்ச்சாட்சி, போலிச் சாத்திரம், மூடப் படைவலி ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் ஏழை வணிகனைக் கொன்ற செய்தி இது. ஓர் அரசு இயந்திரம் இயங்கும் முறையை இதனைவிடச் சுருக்கமாகக் காட்டிய பகுதி பழந்தமிழில் அரிது.

இதனாலேதான் அடுத்து வரும் தீக்கு நியாயம் பிறக்கின்றது. தன் பிழையை உணர்ந்த பாண்டியன் அவையிலேயே உயிர்விட்டான்; கோப்பெருந்தேவியும் மாண்டாள். குற்றவாளி இறந்தபின் நகரை ஏன் எரிக்க வேண்டும் என உரையாசிரியர் காலந்தொட்டு மாணாக்கர் கேட்டு வருகின்றனர். குற்றம் ஒரு மனிதனின் நெஞ்சோடு முடிந்துவிடவில்லை என்பதே விடை. அரசன் திருந்தினாலும் இறந்தாலும் அரசு நிற்கின்றது. கண்ணகி எரித்தது அந்நிற்கும் பொருளை.

எரிபரந்தெடுத்தலை இங்கே நினைவுகூர்க. அங்கே வேந்தன் எரிக்கின்றான். குடிமக்களின் ஊர் எரிகின்றது. இங்கே குடிமகள் எரிக்கின்றாள். வேந்தனின் தலைநகர் எரிகின்றது. அவளும் அந்நாட்டவள் அல்லள். வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்த பெண். கையில் படை இல்லை. தன் உடலின் ஒரு பகுதியையே திருகி எறிகின்றாள். நெட்டிமையார் பாடிய போரறப் பட்டியலும் அவள் வாயிலிருந்து வருகின்றது. பார்ப்பாரையும் அறவோரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழவிகளையும் விலக்கித் தீயோர் பக்கம் மட்டும் சேருமாறு அவள் தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகின்றாள். வேந்தர்க்கே உரியதாயிருந்த துறையும் வேந்தர்க்கே உரியதாயிருந்த அறமும் முதன்முறையாக வழக்காடியவளின் கைக்கு மாறின. கண்ணகியின் தீயிலுள்ள புரட்சித் தன்மை இதுவே.

இதே இடத்தில் காப்பியத்தின் வரம்பும் தெரிகின்றது. அவளுக்கு முன் தோன்றும் எரியங்கி வானவன் பார்ப்பனக் கோலத்தில் வருகின்றான். பத்தினிக்குப் பிழை நேரும் நாளில் இந்நகரை எரிக்குமாறு தனக்கு ஏவல் முன்பே உண்டு என்கின்றான். அவள் நெஞ்சில் எழுந்த தீ, முன்னரே எழுதிவைக்கப்பட்ட ஆணையாக மாறுகின்றது. பின்னர் மதுராபதித் தெய்வம் வந்து இரண்டு செய்திகளைச் சொல்கின்றது. ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி வெள்ளிக்கிழமையில் மதுரை எரியும் என உரை முன்பே உண்டு என்பது ஒன்று. முற்பிறப்பில் பரதன் என்பவனாக இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனக் காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பில் பலித்தது என்பது மற்றொன்று. இவ்விளக்கத்தின்படி பாண்டியன் வெறுங் கருவி, பொற்கொல்லனும் கருவி, அரசின் அநீதி முழுவதும் வினைப்பயனாய்க் கரைந்துவிடுகின்றது. வழக்குரை காதையில் குற்றவாளிக் கூண்டிலே நின்ற அரசு, கட்டுரை காதையில் விடுதலை பெற்று வெளியேறுகின்றது.

பின்னர் நடந்தவை இன்னும் கொடியவை. உரைபெறு கட்டுரையின்படி, மழை பொய்த்து நாடு வாடியபோது கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான். அரசன் செய்த பிழைக்கு ஒரு தொழிலாளர் குலம் கழுத்தைக் கொடுத்தது. ஒரு பொற்கொல்லனின் பொய்யைக் காரணமாக்கி, அச்செயலுக்கு எவ்விதத்திலும் பொறுப்பில்லாத ஆயிரவர் மேல் தீயின் பழியைச் சுமத்திய அரசியல் இது. சேர நாட்டிலோ, வேங்கை மரத்தடியில் கண்ணகியை முதலிற் கண்டு தெய்வமெனக் கொண்டாடியவர் மலைக் குறவர். அதனைக் கேட்ட செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கனகவிசயர் தலையிலேற்றிக் கொணர்ந்து கோயிலெடுத்தான். இலங்கைக் கயவாகு முதலிய மன்னர் அவ்விழாவிலே கூடி நின்றனர். ஓர் அரியணையை எரித்தவளை மற்ற அரியணைகள் தமக்குக் காவலாக்கிக்கொண்டன.

4

காப்பியத்திலிருந்து மக்கள் வழக்குக்கு வருவோம். இவ்வகையில் எமது நாடு மிக வளமானது. தென்னிலங்கைச் சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமென்பர். மட்டக்களப்பில் வைகாசிச் சடங்குகளில் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படும், வி.சீ. கந்தையா அதனைப் பதிப்பித்துத் தமிழுலகுக்கு அளித்தார். மாங்கனியிற் பிறந்து, பாண்டியனின் மூன்றாவது கண்ணை அழிக்க வந்தவள் என்னும் கதை இரு மொழியாரிடத்தும் வழங்குகின்றது. நீதி கேட்டவள் இங்கே அவதாரமாகிவிட்டாள். எனினும், ‘வழக்குரை’ என்ற பெயரை மக்கள் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

மட்டக்களப்புச் சடங்கின் சிகரம் குளிர்த்தியாகும். மதுரையை எரித்த வெப்பம் தணியாது வந்தவளை ஆயர்கள் வெண்ணெய் பூசிக் குளிர்வித்தனர் என்பது ஐதிகம். வெயில் காயும் வைகாசியில் நீர் தெளித்து அவளைக் குளிர்விக்கின்றனர். இதன் பொருளியல் அடிப்படை தெளிவானது. மழையை நம்பிய உழவனுக்கு வரட்சியும் அம்மை நோயும் ஒரே வெப்பத்தின் இரு வடிவங்களாகத் தோன்றின. பெரியம்மையை அம்மன் கோபமென அஞ்சிய தலைமுறைகள் போய், தடுப்பூசியின் வலிமையால் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, அதனைக் குறித்த சின்னம் நிற்கின்றது. மக்களின் அச்சத்தை ஏளனம் செய்வதைவிட, அச்சத்தின் காரணத்தை அகற்றுவதே அறிவியக்கத்தின் வழி என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

நந்திக்கடலோரத்து வற்றாப்பளையின் கதை வேறு. மதுரையை எரித்துவிட்டு வந்தவள் இலங்கையில் ஒவ்வோரிடமாகத் தங்கிப் பத்தாவதாக அமர்ந்த பளை அது என்பர். மாடு மேய்த்த சிறுவரிடம் கிழவியாய் வந்து பசிக்கின்றதென்றாள். அவர்கள் பொங்கிக் கொடுத்தனர். விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லை. கடல் நீரை வார்த்து ஏற்றுமாறு கூறினாள்; எரிந்தது. தலையிலே பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்த சிறுவர் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டனர். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலிலிருந்து தீர்த்தமெடுத்து விளக்கேற்றும் வழக்கம் உண்டு. உப்புநீர் எரியுமா என்று எமது விஞ்ஞான ஆசிரியர் கேட்பார், கேட்கவே வேண்டும். அதே வேளையில், இக்கதையை யார் ஆக்கினர் என்றும் கேட்க வேண்டும். செங்குட்டுவனின் கண்ணகிக்கு இமயத்துக் கல் வேண்டியிருந்தது. மாடு மேய்க்கும் சிறுவரின் கண்ணகியோ பசித்த கிழவி. எண்ணெய் வாங்க இயலாதவர் வீட்டில் கடல்நீரை எரிய வைப்பவள். நகரை எரித்த தீயை வறியவர் தம் வீட்டு விளக்காக்கிக் கொண்டனர்.

எமது குடாநாட்டில் இவ்வழிபாடு பட்ட பாடும் சிந்தனைக்குரியது. ஆறுமுக நாவலர் (1822-1879) சைவத்தை ஆகமநெறியில் நிறுத்த முயன்றபோது கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். சமணஞ் சார்ந்த காப்பியத்து வணிகப் பெண் சைவர்க்குத் தெய்வமாகாள் என்பது வாதம். அதன்பின் கண்ணகி கோயில்கள் பல ஆகமம் ஏற்ற அம்பாள் பெயர்களைப் பூண்டன. நாவலரின் தமிழ்ப்பணியை மதிப்போர் இதனைக் கூறத் தயங்க வேண்டியதில்லை. ஆகமத்து அம்பாள் அருளைக் குறிப்பவள். கையில் ஒற்றைச் சிலம்போடு அரசவையில் நின்றவள் வழக்கைக் குறிப்பவள். பெயர் மாறியபோது வழக்கும் மறைந்தது. ஆயினும், எங்கள் தென்மராட்சியில், கொடிகாமத்தை அடுத்த ஊர்களிலிருந்து பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போகும் பெண்களுக்கு அவள் இன்றும் கண்ணகியே. பண்டிதர் கைவிட்டதைப் பாமரர் காத்தனர்.

5

இனி, தீயின் மறுபக்கத்துக்கு வருவோம். இதுவரை கண்டவை வேந்தரின் தீயும் வழக்காடியவளின் தீயுமாகும். மூன்றாவது ஒன்று உண்டு. அது சோதனைத் தீ. இத்தீயை மூட்டுவோர் ஒருபோதும் அதனுள் இறங்குவதில்லை.

பூதபாண்டியன் இறந்தபின் தீப்பாய்ந்த பெருங்கோப்பெண்டின் புறநானூற்றுப் பாடலைக் கற்பின் மாட்சி எனப் பாடநூல்கள் போற்றும். அப்பாடலை நிதானமாக வாசித்தால், அவள் பேசுவது கைம்மை நோன்பின் கொடுமையைப் பற்றியே என்பது விளங்கும். நீர்ச்சோற்றுத் திரளும் வேளைக் கீரையும், பாயின்றிப் பருக்கைக்கல்மேல் உறக்கமும் அவளுக்குக் காத்திருந்தன. அந்த வாழ்வோடு ஒப்பிட்டே அவள் ஈமத்தீயைக் குளிர்ந்த தாமரைப் பொய்கையென்றாள். வாழ்வைத் தீயினும் கொடிதாக்கிவிட்டு, தீயைத் தேர்ந்துகொண்டாள் எனப் புகழ்வது எவ்வகை அறம்?

கம்பர் இச்சிக்கலை உணர்ந்திருந்தார் எனலாம். மீட்சிப் படலத்தில் சீதை தீக்குளித்தபோது தீக்கடவுளே அவளது கற்பின் வெம்மையால் வெந்து அலறுகின்றான். சோதிக்க வந்த தீயைச் சோதனைக்குள்ளாக்கிய கவிஞர், சோதனை வேண்டிய கணவனை அவ்வாறு நிறுத்த முடியவில்லை. அக்காரியத்தைச் செய்தவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த ‘சாபவிமோசன’த்தில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் எனக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். தன்னை மன்னித்த ஒருவன் தன் மனைவியை மன்னிக்கவில்லையே என்ற அதிர்ச்சி அது. பழைய புராணத்தை மீண்டும் எழுதுவோர், அதிலே தீயை மூட்டியவனிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்பதற்கு இக்கதை அளவுகோலாகும்.

சோதனைத் தீயின் உச்சம் நந்தன் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூர் நந்தன் செய்யும் தொழிலைக் கவனிக்க வேண்டும். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் கொடுத்தவன் அவன். கோயிலின் இசை முழுவதும் அவன் உழைப்பில் எழுந்தது; அவன் மட்டும் வெளியே நின்றான். தில்லையின் எல்லையை வலம் வந்து ஏங்கியவனுக்குக் கனவிலே இறைவன் சொன்ன வழி தீயில் மூழ்கி வருக என்பதே. அந்தணருக்கும் கனவிலே ஆணை போயிற்று. அவர்கள் தீ வளர்த்தனர். மூழ்கி எழுந்தவன் பூணூலணிந்த முனிவன். அவன் உள்ளே போனான். பின்பு எவர் கண்ணுக்கும் தென்படவில்லை.

இப்புராணத்தை வகுப்பிலே கற்பித்தபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நெருப்புக்குள்ளாலே வந்தது நந்தனாரோ, வேறை ஆளோ?” என்று கேட்டான். பல உரைகளைக் கற்ற எனக்கு அக்கேள்வியைவிடச் சிறந்த விமர்சனம் இப்புராணத்துக்கு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. கதையின்படி நந்தன் கோயிலுட் புகவில்லை. நந்தன் எரிந்தான், ஓர் அந்தணன் புகுந்தான். கோயிற் கதவு திறக்கவில்லை. அதன் விதி ஓர் அங்குலமும் அசையவில்லை. ஒருவன் உடலை அழித்து விதியைக் காப்பாற்றிய செயலுக்கே ‘தூய்மை’ எனப் பெயர் சூட்டினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். அவர் நிலவுடைமையாளரான வேதியர். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கின்றார். தீட்டென்பது சாத்திரத்தால் மட்டும் நிற்கவில்லை, பண்ணையின் தேவையாலும் நிற்கின்றது என்பதைப் பாரதியார் அறிந்தோ அறியாமலோ மேடையேற்றினார். அவரும் முடிவில் வேலையைச் சிவகணங்களிடம் ஒப்படைத்து, நந்தனைத் தீயிடம் ஒப்படைத்தார். புதுமைப்பித்தனின் ‘புதிய நந்த’னில் தீக்குப் பதிலாகப் புகைவண்டி வருகின்றது. தண்டவாளத்திலே கிழவனைக் காக்க ஓடிய இருவரும் கிழவனும் ஒன்றாய் மடிகின்றனர். அங்கே எவரும் முனிவராய் எழவில்லை. புராணத்துக்கும் யதார்த்தத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

எல்லாத் தீமிதிப்பையும் இவ்வகையிற் சேர்த்துவிடலாகாது. உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதை அம்மனுக்கு மக்கள் தீமிதிக்கின்றனர். பீஜி, மொரீசியஸ், ரியூனியன், தென்னாபிரிக்கா எனக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்ட தமிழரும் இவ்வழக்கத்தைக் கொண்டு சென்றனர். மரக்கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். கால் அதிற் படுவதும் கணப்பொழுதே. ஆதலால் நடப்பவர் பெரும்பாலும் வேகாது தப்புகின்றனர். இதில் அற்புதம் இல்லை. ஆனால், துரைமாரின் சவுக்குக்கு அஞ்சி வாழ்ந்த கூலி, ஆண்டிலொருநாள் தன் கூட்டத்தோடு நெருப்பை மிதித்து நிமிர்ந்து நின்றான் என்பதில் பொருள் உண்டு. நந்தனைத் தனியே இறக்கிய தீயும், ஊரே சேர்ந்து நடக்கும் தீயும் ஒன்றல்ல.

6

புராணம் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை 1968ஆம் ஆண்டு நிறுவிற்று. அவ்வாண்டு மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசங் கோரி வாசலில் நின்றனர். சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும் கதவு அடைபட்டிருந்தது. அம்மக்கள் எவரும் தீ வளர்க்குமாறு கேட்கவில்லை; கதவைத் திறக்குமாறு கேட்டனர். நந்தன் கதையை மறுத்து எழுதிய முதல் வாசகர்கள் அவர்களே என்பேன்.

அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, நந்தன் வாழ்ந்ததாகக் கூறப்படும் அதே காவிரி நாட்டில், கீழவெண்மணியில், கூலியுயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிக்கப்பட்டனர். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளரை விடுவித்தது. கண்ணகி விலக்கிய பட்டியலை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அவள் விலக்கிய முதியோரும் குழவியும் பெண்டிருமே வெண்மணியில் எரிந்தோர். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நந்தனின் தீயைத் தூய்மையெனப் பாடிப் பழகிய ஒரு சமுதாயம் இத்தீயைக் கண்டு போதிய அளவு நடுங்கவில்லை என்பதில் வியப்பென்ன?

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் மீட்கவியலா ஏடுகளும் சாம்பராயின. இத்தீயைப்பற்றி எழுந்த படைப்புக்களுள் எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ தலைசிறந்தது. புத்தர் சுட்டுக்கொல்லப்பட்டு, நூல்களே ஈமவிறகாக எரிக்கப்படுவதாக அக்கவிதை கற்பனை செய்கின்றது. தீயை அணைக்கச் சொன்னவரின் பெயரால் தீ மூட்டியோரை அவர்தம் சமயத்தின் முன்னிலையிலேயே குற்றவாளிகளாக நிறுத்துகின்றது. கயையில் நிகழ்ந்த தீயுபதேசத்தை அறிந்தவர்க்கு அக்கவிதையின் வலிமை இன்னும் மிகுதியாகப் புலப்படும். இனவெறுப்பைக் கண்டிக்கும் அக்கவிதை எந்த இனத்தையும் வெறுக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இங்கே ஓர் உண்மையையும் ஒளிக்காமற் கூறுதல் வேண்டும். நூலகத்தை எரித்தவர் வெளியிலிருந்து வந்தனர். ஆனால், தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குத் தீ வைப்பது எமது குடாநாட்டுச் சாதிமான்களும் நன்கறிந்த ஆயுதமே. நூலகத் தீயை நினைவுகூரும் நாளில் குடிசைத் தீயை மறப்போமாயின், நாம் தீயை எதிர்க்கவில்லை. எம்மைச் சுட்ட தீயை மட்டுமே எதிர்க்கின்றோம்.

7

தீயின் குறியீடு பற்றிய ஆய்வு எம்மைக் கொண்டுவந்து விடும் இடம் இதுவே. தீ தானாகத் தூயதுமன்று, தீயதுமன்று. எரிபரந்தெடுத்த வேந்தனின் கையில் அது கொள்ளை. நந்தனுக்கு முன் மூட்டியோர் கையில் அது வேலி. கண்ணகியின் கையில் அது தீர்ப்பு. வற்றாப்பளைச் சிறுவரின் கையில் அது விளக்கு. தீர்ப்பை விதியென்றும், வேலியைத் தூய்மையென்றும் பெயர்மாற்றி வழங்குவதே ஆளும் கருத்தியலின் வேலை. அப்பெயர்களை அவிழ்த்துக் காட்டுவது விமர்சனத்தின் வேலை.

இது ஆசிரியர்களுக்கும் மாணாக்கர்களுக்கும் நேரடியான கடமையொன்றைத் தருகின்றது. வழக்குரை காதையை நடத்தும்போது கட்டுரை காதையையும் சேர்த்து நடத்துக. அநீதி எவ்வாறு ஊழாக மாற்றப்பட்டது என்பதை மாணாக்கர் தாமே காணட்டும். திருநாளைப்போவார் புராணத்தை நடத்தும்போது தீயை வளர்த்தவர் யார் என்று ஒருமுறையாவது கேளுங்கள். தேர்வுத்தாளில் இக்கேள்வி வராது. வாழ்க்கையில் வரும்.

2017ஆம் ஆண்டு தொடக்கம் வன்னியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் தெருவோரக் கொட்டகைகளிலிருந்து போராடினர். தீப்பந்தம் ஏந்தினர், சில நாட்களில் தீச்சட்டியேந்திக் கோயில் வாசலுக்கும் சென்றனர். தம் பிள்ளையை, தம் கணவனைக் கொண்டுசென்றவர் யார், அவர்கள் எங்கே என்பதே அவர்களின் வழக்கு. அவர்கள் எந்நகரையும் எரிக்க வரவில்லை. பதிலை மட்டும் கேட்டனர். அவர்களிற் பலர் பதில் கிடைக்காமலே இறந்தும் போயினர். அவர்களை நோக்கி, இது விதி, இது முற்பிறப்பின் பயன், பொறுத்துக்கொள் என்று சொல்ல மதுராபதிகள் பலர் வருவர். எழுதுவோரும் கற்பிப்போரும் அக்கூட்டத்திற் சேரலாகாது. வழக்கு முடியும்வரை அச்சட்டியின் தீயை வழக்கென்றே பெயர் சொல்லி எழுதுவதும் கற்பிப்பதுமே எம்மாலாகும் பணி.